தரையில் இறங்காத வகுப்பு

ஜெலுத்தோங்கில் பதினேழு மாடி அடுக்ககம் ஒன்றின் பொது மண்டபத்துக்குச் சனிக்கிழமை காலையில் புதிதாக வருகிறவர்கள், வாசலில் செருப்புகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவிடம், “யோகா டீச்சர் வந்துட்டாங்களா?” என்று கேட்பது வழக்கம். “வந்துட்டாங்க, உள்ள போய் உக்காருங்க,” என்பார் அந்த அம்மா. மணி ஏழரை ஆனதும் அவரே உள்ளே வந்து, எல்லாருக்கும் எதிரில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்காருவார். புதியவர் முகத்தில் குழப்பம் ஓடும். இன்னொருவர் பின்னால் வருகிறாரோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு.

லோகேஸ்வரி அதைக் கண்டுகொள்ளாமல் விடமாட்டார்.

“வேற யாரும் வரமாட்டாங்க. நான்தான். ஒல்லியா ஒருத்தவங்க வேணும்னா டவுன்ல நெறைய பேரு இருக்காங்க. ஏசி ரூம்பு, செவுரு முழுக்கக் கண்ணாடி. இங்க ஆறு காத்தாடிதான், அதுலயும் ரெண்டு ஓடாது.”

உயரம் ஐந்தடி ஓரங்குலம், எடை எண்பத்தெட்டு கிலோ, வலது முழங்காலில் பழைய வீக்கத்தின் தடம். இவற்றில் எதையும் அவர் மறைத்ததில்லை. தளர்ந்த சட்டையும் கால்சட்டையும் போட்டு, மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வகுப்பெடுப்பார்.

அவர் பிறந்தது 1971 செப்டம்பர் 4. இருபதாவது வயதில் புக்கிட் தெங்காவில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரே வரிசையில் நின்றார். விடிகாலை ஐந்து நாற்பதுக்குக் கம்பெனி பஸ். தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து போனால் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. மேல்நேரம் இருந்தால் பன்னிரண்டு. 2008இல் முழங்கால் வீங்கியது. மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை வீக்கத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டு, மோகனராஜ் மாஸ்டரின் யோகா வகுப்பில் சேர்ந்தார்.

வீக்கம் ஏழு மாதத்தில் வடிந்தது. பின்னாளில் மாஸ்டரோடு எவ்வளவு முரண்பட்டபோதும் லோகேஸ்வரி இதை மறுத்துப் பேசியதில்லை. மாஸ்டர் கண்டிப்பானவர். தாமதமாக வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார். குனிய முடியாதவரின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். “உடம்பு சாக்கு சொல்லும், காது குடுக்காதீங்க,” என்பது அவர் ஓயாமல் சொல்லும் பேச்சு. அவரிடம் நான்கு ஆண்டுகள் பயின்று, வடவட்டாரப் பயிற்றுநர் கழகத்தின் சான்றிதழை 2013இல் லோகேஸ்வரி வாங்கினார். வாங்கிய கையோடு, தொழிற்சாலையில் வேலை முடிந்தபின் உடன் வேலை செய்யும் பெண்களுக்கு ஓய்வறையில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மாஸ்டர் எப்படிச் சொல்லிக்கொடுத்தாரோ அப்படியே.

2014 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. வகுப்பில் ஒன்பது பெண்கள். அவர்களில் வள்ளியம்மா, லோகேஸ்வரிக்குப் பக்கத்து மேசையில் பதினெட்டு ஆண்டுகள் நின்றவர், பத்து வயது மூத்தவர். வேலை நேரத்தில் “ஏய் லோகா, அந்தத் தட்ட இப்படித் தள்ளு” என்று அதட்டுகிறவர். ஆனால் லோகேஸ்வரி வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் வந்து நின்றதும் அதே வள்ளியம்மா வாயை மூடிக்கொள்வார். “டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் என்று ஆகிவிட்டால் எதிர்த்துப் பேச முடியுமா?

அன்று, கால்களை நீட்டி உட்கார்ந்து, குனிந்து கால் விரலைத் தொடும் பச்சிமோத்தானாசனம். வள்ளியம்மாவின் கை விரலுக்கு எட்டவில்லை. ஒரு சாண் தூரம் இருந்தது. லோகேஸ்வரி அவர் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

“வலிக்குதாக்கா?”

“பரவால்ல டீச்சர்.”

இன்னும் கொஞ்சம் அழுத்தினார். விரல் எட்டியது. மற்றவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை வள்ளியம்மாவால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஏழு வாரம் படுக்கை. சுங்கை பாக்காப்பில் இருக்கும் அவர் வீட்டுக்கு லோகேஸ்வரி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனார்.

“அக்கா, நான் அழுத்தினப்பவே வலிச்சுதா?”

“மொதல்லயே வலிச்சுச்சு. நீ கைய வெக்கிறதுக்கு முந்தியே.”

“அப்ப ஏன்க்கா சொல்லல?”

“டீச்சர்கிட்ட எப்படிலா சொல்றது?” என்றார் வள்ளியம்மா, கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

லோகேஸ்வரி பஸ்ஸில் திரும்பி வரும்போது அழவில்லை. கோபம்தான் வந்தது. முதலில் தன்மேல், பிறகு தன்னை அப்படிப் பழக்கியவர்கள்மேல், கடைசியில் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வள்ளியம்மாமேலும். வகுப்பை நிறுத்திவிட்டார். பதினான்கு மாதம் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுபடி தொடங்கியபோது எல்லாம் மாறியிருந்தது. 2016 ஜனவரி 9ஆம் தேதி, தாம் குடியிருக்கும் அடுக்ககத்தின் பொது மண்டபத்தில் முதல் வகுப்பு. பாய் இல்லை, நாற்காலி. அவர் யாரையும் தொடமாட்டார். சுலோகமோ மந்திரமோ கிடையாது. இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு அவரவர் தமக்கு வேண்டியதை நினைத்துக்கொள்ளலாம், எதையும் நினைக்காமலும் இருக்கலாம். வள்ளியம்மா பஸ், ஃபெரிப் படகு, மறுபடி பஸ் என்று ஒன்றே முக்கால் மணி நேரம் பயணம் செய்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

புதிதாகச் சேரும் எவருக்கும் அங்கே முதல் பயிற்சி, முடியாது என்று சொல்வதுதான்.

“வலது கையத் தூக்குங்க,” என்பார் லோகேஸ்வரி. தூக்கிவிடுவார்கள். “கீழ போடுங்க. தூக்கக் கூடாது. முடியாது டீச்சர்னு சொல்லணும்.” சிரிப்பார்கள். மறுபடி, “வலது கையத் தூக்குங்க.” கை தானாகவே பாதிவரை ஏறிவிடும்.

ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரில் கணவரோடு சாப்பாட்டுக் கடை நடத்தும் காமாரியாவுக்கு அந்தச் சொல்லை வெளியே கொண்டுவர மூன்று வாரம் பிடித்தது. வயது ஐம்பத்தொன்பது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

“வாய்ல வரமாட்டேங்குது டீச்சரு. நாப்பது வருசமா எங்க வீட்டுல அந்த வார்த்தைய நான் யூஸ் பண்ணதே இல்ல.”

“இங்க பண்ணிப் பழகுங்க. அப்புறம் வீட்டுக்குப் பார்சல் எடுத்துட்டுப் போங்க.”

இர்வான் அப்படியில்லை. முப்பத்து நான்கு வயது. 2019இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். முதல் நாள், கையைத் தூக்கச் சொன்ன நொடியிலேயே, “முடியாதுலா அக்கா, போங்க,” என்றார். மண்டபமே சிரித்தது. அன்று வகுப்பின் நடுவில், யாரும் கேட்காமலே, செயற்கைக் காலைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தார். வீட்டுக்கு வெளியே அப்படிக் கழற்றி வைத்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

நோய்த்தொற்றுக் காலத்தில் இரண்டாண்டு மண்டபம் மூடிக்கிடந்தது. அதைத் தவிர வகுப்பு தடைப்பட்டதில்லை. 2024 ஜூனில் பெயர்ப்பட்டியலில் பதினேழு பேர் இருந்தார்கள்.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, பயிற்றுநர் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் படிவம் நிரப்பி அனுப்பினால் போதும். இம்முறை ஆய்வாளர் நேரில் வருவார். அவர் முன்னிலையில் மாணவர்களில் பத்துப் பேராவது தரையில் பத்து ஆசனங்களை முழுமையாகச் செய்து காட்ட வேண்டும். ஆய்வு நாள் ஜூலை 13. ஆய்வாளர் பெயர்: மோகனராஜ்.

சான்றிதழ் இல்லாத பயிற்றுநருக்கு மண்டபம் கிடையாது என்பது அடுக்கக நிர்வாகக் குழுவின் விதி. ஆகவே சான்றிதழ் போனால் மண்டபமும் போகும்.

லோகேஸ்வரி அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சொல்லு லோகா. சூராட் கெடைச்சுதா?”

“கடுதாசி கெடைச்சுது மாஸ்டர். நம்ம வகுப்புல யாரும் தரையில உக்கார்றது இல்லீங்களே.”

“தெரியும், தெரியும். அதனாலதான் நானே வர்றேன்னு கேட்டு வாங்கினேன். வேற ஆளு வந்தா ஒரே வரியில முடிச்சிடுவான்.” மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு நாளைக்குத்தான். பாயை விரி. உன்கிட்ட ஆளு இல்லன்னா வெளியிலேர்ந்து பத்துப் பேரக் கூட்டிட்டு வா, நான் பேரு கேக்க மாட்டேன். மறுவாரம் நீ நாக்காலி போடு, கட்டிலு போடு, யாரு பாக்கப் போறா?”

“நான் பாப்பேன்ல மாஸ்டர்.”

“புடிவாதம் புடிக்காத.”

“ஆசனத்துல புடிச்ச புடிய விடக்கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “வாயி மட்டும் உனக்கு நல்லா வளையுது,” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வகுப்பில் கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டினார் லோகேஸ்வரி. “அவரு வருவாரு, பாப்பாரு. நாம எப்பவும் செய்றதத்தான் செய்யப் போறோம். ஃபெயிலாக்கினா டேவான் போயிடும், இந்த மண்டபம் நமக்கு இல்ல. அதையும் இப்பவே சொல்லிடுறேன்.”

காமாரியா தம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். வாரம் முழுதும் அடுப்பின் முன்னால் நிற்கிறவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தமக்கென்று கிடைப்பது. இர்வான் எதையோ கேட்க வாயெடுத்து, வள்ளியம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். லோகேஸ்வரி அதைக் கவனித்தார். ஆனால் அதற்கு அர்த்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

பிறகு தெரிந்த சேதி இது. அந்த வாரத்திலிருந்து, செவ்வாயும் வியாழனும் பகல் மூன்று மணிக்கு, காமாரியாவின் கடை மாடியில் அரிசி மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டு பேர் தரையில் பயிற்சி செய்தார்கள். கைப்பேசியில் படம் ஓடவிட்டுச் சொல்லிக்கொடுத்தவர் இர்வான். காமாரியாவின் கணவர் ஷேக் அலாவுதீன் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்து, “அல்லா, இது என்ன, கோழி உரிச்சுப் போட்ட மாதிரி கெடக்குதுங்க,” என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினாராம். வள்ளியம்மா எட்டு முறையும் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்தார். முதல் முறையே அவர்தான் எல்லாரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார்: லோகாவுக்குத் தெரியக் கூடாது.

ஜூலை 6ஆம் தேதி வள்ளியம்மா இடுப்பில் கைவைத்து நடப்பதைப் பார்த்து லோகேஸ்வரி கேட்டார்.

“என்னக்கா?”

“பஸ் சீட்டு சரியில்ல.”

ஜூலை 13. காலை ஆறு ஐம்பதுக்கே லோகேஸ்வரி மண்டபத்தைத் திறந்து பதினைந்து நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டார். ஏழு இருபத்து நான்குக்கு மாஸ்டரின் கார் வந்தது. அறுபத்தெட்டு வயதிலும் அம்புபோல நிமிர்ந்த நடை. அவரை அழைத்துவர லோகேஸ்வரி அடுக்ககத்தின் முன்வாசல்வரை போய்த் திரும்பியபோது, நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. தரையில் பன்னிரண்டு பாய்கள். கோரைப் பாய், பிளாஸ்டிக் பாய், குழந்தைகள் விளையாடும் மெத்தைத் துண்டு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அவற்றின்மேல் பன்னிரண்டு பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரு செஞ்ச வேல இது?”

“நாங்கதான்,” என்றார் வள்ளியம்மா. “நீ பேசாம நில்லு.”

மாஸ்டர் முகம் மலர்ந்தது. “இதத்தான லோகா நான் சொன்னேன்,” என்றபடி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அந்த நேரத்தில் லோகேஸ்வரி அவர்களைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. மண்டபத்தின்மேல் ஆசை. எட்டு வருடம் வியர்வை சிந்திய இடம். இந்த நாற்பது நிமிடம் எப்படியாவது ஓடிவிட்டால் போதும் என்று மனம் ஒரு பக்கம் கெஞ்சியது. இர்வான் ஆசனங்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, எல்லாரும் செய்தார்கள். முதல் ஆசனம், இரண்டாவது, மூன்றாவது. காமாரியா முழங்காலை மடக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனத்தில் இர்வானின் உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கையை ஊன்றிச் சமாளித்தார். பத்தொன்பது நிமிடத்தில் ஆறு ஆசனங்கள் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் மாஸ்டர் படிவத்தில் ஒரு கோடு போட்டார்.

ஏழாவது, பச்சிமோத்தானாசனம்.

வள்ளியம்மா குனிந்தார். விரலுக்கு ஒரு சாண் இருந்தது. முகம் தெரியவில்லை. கழுத்து மட்டும் தெரிந்தது. மூச்சு நின்றிருந்தது. தொழிற்சாலை ஓய்வறையிலும் அந்தக் கழுத்து அப்படித்தான் இருந்தது. அன்று அதைப் படிக்கத் தெரியவில்லை.

மாஸ்டர் இரண்டடி முன்னால் போனார். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் உள்ளங்கை தானாக வள்ளியம்மாவின் முதுகில் போய் அமர்ந்தது.

“கைய எடுங்க மாஸ்டர்.”

அவ்வளவு உரத்த குரலை அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. மாஸ்டர் சூடு பட்டதுபோலக் கையை எடுத்தார்.

“எல்லாரும் எழுந்திரிங்க. நாக்காலிக்குப் போங்க.”

ஒருவரும் அசையவில்லை. “டீச்சரு, இன்னும் நாலுதான்,” என்றார் காமாரியா, கெஞ்சலாக. “முடிஞ்சிரும் டீச்சரு.”

“முடியட்டும்னு நான் கேக்கல. எழுந்திரிங்க.”

வள்ளியம்மா மெல்ல நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அதில் இருந்தது வலி அல்ல, ஆத்திரம்.

“என்னா லோகா நீ? முடியாதுன்னு சொல்லக் கத்துக்குடுத்த. எட்டு வருசம் கத்துக்கிட்டோம். இப்ப முடியும்னு சொன்னா அத மட்டும் கேக்க மாட்டியா? என் முதுகு. என் இஷ்டம். நீ யாரு கேக்க?”

கேள்வி நியாயமானது. லோகேஸ்வரி நூலில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வள்ளியம்மாவின் எதிரில் வந்து நின்றார்.

“உன் இஷ்டம்தான்க்கா. உனக்குக் குனியணும்னு தோணுச்சா, நாளைக்கு வா. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன், ஒரு வார்த்த பேச மாட்டேன். ஆனா இப்ப நீ உனக்காகக் குனியல. என் பேப்பருக்குக் குனியற. உன் முதுக வெச்சு வாங்குன பேப்பர நான் செவுத்துல மாட்ட மாட்டேன்.”

“டேவான் போயிடும்டி.”

“போகட்டும்.”

“அப்புறம் நாங்க எங்க போறது?”

“தெரியல. தேடுவோம்.”

“தேடுவாளாம்,” என்றார் வள்ளியம்மா, பாயைச் சுருட்டியபடி. “பதினேழு பேரையும் உன் ஒம்பதாவது மாடி வீட்டு ஹாலுல உக்கார வெப்பியா? சோபாமேல நாலு, டிவிமேல ரெண்டு?” யாரோ சிரித்துவிட்டார்கள். வள்ளியம்மா சிரிக்கவில்லை. பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாஸ்டரையும் பார்க்காமல், லோகேஸ்வரியையும் பார்க்காமல், வெளியே நடந்து போய்விட்டார்.

இர்வான்தான் முதலில் எழுந்து, ஒற்றைக் காலில் தாவி, சுவரோரத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு ஒவ்வொருவராக.

மாஸ்டர் லோகேஸ்வரியைத் தனியே அழைத்தார். “இங்க பாரு. ஆறு ஆயிடுச்சு. மிச்சம் நாலையும் பாத்ததா நான் எழுதிக்கிறேன். எனக்கும் கோவம்தான், பத்துப் பேரு முன்னால கைய எடுன்னுட்ட. ஆனா நீ என் மாணவி. உன்ன ஃபெயிலாக்கிட்டுப் போக எனக்கு மனசு வரல.”

“பாக்காதத எழுதாதீங்க மாஸ்டர். அது உங்க பழக்கம் இல்ல.”

மாஸ்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“உங்களுக்கு நேரம் இருந்தா உக்காருங்க. நான் எப்பவும் எடுக்குற வகுப்ப எடுக்குறேன். பாத்துட்டு, எது பாத்தீங்களோ அத எழுதுங்க.”

மாஸ்டர் ஓடாத காத்தாடிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வகுப்பு நடந்தது. நாற்காலியில் அமர்ந்து முதுகைத் திருப்புவது, தோளை வட்டமிடுவது, கணுக்காலை நீட்டி மடக்குவது, கையைத் தலைக்குமேல் உயர்த்தி மூச்சை எண்ணாமல் விடுவது. கைத்தொழிலாளி ஒருவர் தோள் உயராது என்றார். உயர்த்த வேண்டாம், அப்படி நினைத்துக்கொண்டு மூச்சு விடுங்கள் என்றார் லோகேஸ்வரி. காமாரியா நடுவில் இரண்டு முறை, “இது முடியாது டீச்சரு,” என்றார், வேண்டுமென்றே மாஸ்டர் காதில் விழும்படி.

முடிந்ததும் மாஸ்டர் படிவத்தை நிரப்பினார். தரையில் நிறைவு செய்யப்பட்ட ஆசனங்கள்: ஆறு. தொடக்கப் பிரார்த்தனை: இல்லை. முடிவு: தகுதி பெறவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் பேனாவை வைத்து வெகுநேரம் யோசித்துவிட்டு எழுதினார்: “அதன்பின் நாற்காலியில் நாற்பது நிமிடம் வகுப்பு நடந்தது. பன்னிரண்டு ஆசனங்கள் மாற்று வடிவில். யாரும் இடையில் எழுந்து போகவில்லை.”

“விதி விதிதான் லோகா,” என்றார்.

“ஆமா மாஸ்டர். அதுல எனக்கு ஒரு காப்பி வேணும்.”

“ஃபெயிலான பேப்பருக்குக் காப்பி கேக்குற மொத ஆளு நீதான்.” ஆனாலும் கைப்பேசியில் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

நிர்வாகக் குழுவின் கடிதம் பத்து நாளில் வந்தது. ஆகஸ்ட் 1 முதல் மண்டபம் இல்லை. கழகத்திடம் முறையீடு செய்ய வழி உண்டு என்று கடைசி வரியில் இருந்தது. லோகேஸ்வரி முறையீடு செய்யவில்லை. செய்தால் தரையில் பத்து ஆசனம் காட்டத் தயார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு இடையே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துமிடத்துக்கு ஓரமாக வகுப்பு நடந்தது. நாற்காலிகள் மண்டபத்துச் சொத்து என்பதால் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாப்பாட்டு மேசை நாற்காலி, குளியலறை முக்காலி, காமாரியா கடையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் நான்கு. அவற்றைச் சுமந்து வந்தவர் ஷேக் அலாவுதீன். “மத்தியானம் கூட்டத்துக்கு முந்தித் திரும்பி வரணும், நாக்காலியும் வரணும், பொம்பளையும் வரணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினேழு பேரில் பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். இருவருக்கு வெளிக்காற்று ஒத்துக்கொள்ளாது. ஒருவர் வேறு வகுப்பில் சேர்ந்துவிட்டார். வள்ளியம்மா வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை.

மாஸ்டரின் படிவத்தைக் கடையில் பெரிதாக அச்செடுத்து, மழை படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, லோகேஸ்வரி முதல் தூணில் ஒட்டினார். ஒட்டி முடிப்பதற்குள் நிர்வாகக் குழுச் செயலாளர் இறங்கி வந்துவிட்டார்.

“அக்கா, இங்க கிளாஸ் நடத்த அனுமதி இல்ல.”

“கிளாஸ் இல்ல தம்பி. குடியிருக்கிறவங்க நாக்காலி போட்டு உக்காந்திருக்கோம். உக்காரக் கூடாதுன்னு விதி இருந்தா காட்டுங்க.”

“முன்னால உக்காந்து நீங்க சொல்றீங்க, அவங்க செய்றாங்க. அப்ப கிளாஸ்தான?”

“நான் சொல்றத அவங்க கேக்குறதே இல்ல தம்பி, நீங்களே பாருங்க.” திரும்பி, “எல்லாரும் வலது கையத் தூக்குங்க,” என்றார்.

“முடியாது!” என்றன பதின்மூன்று குரல்கள். மேல்மாடி ஒன்றில் ஒரு சன்னல் திறந்தது.

செயலாளர் தூணில் ஒட்டியிருந்ததைப் படித்தார். “இது நீங்க ஃபெயிலான பேப்பராச்சே. இதப் போய் ஒட்டி வெச்சிருக்கீங்க?”

“எனக்கு வேற போர்டு இல்ல. இதுல எல்லாம் எழுதியிருக்கு. யாரும் தரையில இறங்க மாட்டோம், யாரும் நடுவுல எழுந்து போக மாட்டாங்க. வேணும்னா கிழிச்சிட்டுப் போங்க. வீட்டுல இன்னும் பத்தொம்பது காப்பி இருக்கு.”

அவர் கிழிக்கவில்லை. அடுத்த வாரம் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இரண்டையும் லோகேஸ்வரி தேதி குறித்து, படிவத்துக்குக் கீழே வரிசையாக ஒட்டினார். தாள் கூடக் கூட, நின்று படிக்கிறவர்களும் கூடினார்கள். ஆகஸ்ட் 17 அன்று, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் பெண் ஒருத்தி அவ்வளவையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “தரையில உக்காரவே வேண்டாமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றதும் மேலே போய் ஒரு மடக்கு நாற்காலியோடு இறங்கி வந்தாள்.

ஆகஸ்ட் 24. ஏழு நாற்பது. வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பஸ் நிறுத்தப் பக்கமிருந்து வள்ளியம்மா வந்துகொண்டிருந்தார். மெதுவான நடை. அவருக்குப் பின்னால், சுங்கை பாக்காப்பிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ஃபெரியும் ஏறி இறங்கி வந்த நீல நிற முக்காலியை, கூட வந்த பயணி யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். வள்ளியம்மாதான் அவரிடம், என்னால் தூக்க முடியாது, நீங்கள் தூக்குங்கள் என்று சொன்னாராம்.

லோகேஸ்வரி எழுந்து நின்றார்.

“உன்மேல கோவம் இன்னும் போகல,” என்றார் வள்ளியம்மா.

“சரிக்கா.”

“போகவும் போகாது. இங்க மோட்டோ பொக வேற.”

“ஆமாக்கா.”

“எங்க உக்கார்றது?”

லோகேஸ்வரி முதல் வரிசைக்கு எதிரில் இருந்த தம் நாற்காலியை ஒன்றரை அடி நகர்த்தி இடம் செய்தார். அந்தப் பயணி முக்காலியை வைத்துவிட்டு, தூணைப் படிக்கப் போனார். வள்ளியம்மா உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, இன்று எதையெல்லாம் செய்ய மாட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.